கரும்புக்காட்டில் கிடந்த கிளை

மார்ச் 4
போலீஸ் ஸ்டேஷனில் என் புருஷன் பெகானியின் நாற்காலியில் இன்று ஒருவன் உட்கார்ந்துவிட்டான். பெயர் ம்பூசோ. இனி துப்பறிவதில் எனக்குக் கூட்டாளியாம். டர்பனிலிருந்து மாற்றல் கேட்டு வந்தானாம். இந்தக் கரும்பு ஊருக்கு யாராவது கேட்டு வருவார்களா? பெகானியைச் சுட்டுக் கொன்று மூன்று மாதம்தான் ஆகிறது. துக்கத்துக்குப் போட்ட கறுப்புத் துணிகூட இன்னும் கழற்றவில்லை. எங்கள் ஸ்டேஷன் கேப்டன் குமேடே காதோடு சொன்னார்: "அவன்கிட்ட ஜாக்கிரதையா இரும்மா."

மார்ச் 9
மாமியார் போனில் அழுகை. பெகானி இன்னும் வீடு வந்து சேரவில்லையாம், கனவில் வாசலுக்கு வெளியிலேயே நிற்கிறானாம். செத்த இடத்திலிருந்து ஆவியை முள்மரக் கிளையில் ஏற்றி வீட்டுக்கு அழைத்து வருவது எங்கள் வழக்கம்; வழியில் வேறு யாரிடமும் பேசக்கூடாது. "கிளையோட வரும்போது வழியில யார்கிட்டயாவது வாய் குடுத்தியா?" இல்லவே இல்லை அத்தை. கரும்புக்காட்டில், அவனையும் காரையும் கண்டெடுத்த இடத்தில் முள்மரக் கிளையை வைத்துக் கூப்பிட்டேன். வீடு வரைக்கும் அவனோடு மட்டும்தான் பேசினேன்.

மார்ச் 13
"அக்கா, அண்ணனை எந்த இடத்துலேர்ந்து கூட்டிட்டு வந்தீங்க?" என்கிறான் ம்பூசோ. இவனுக்கு எதற்கு?

மார்ச் 15
அவன் கார் டிக்கியைத் திறந்து பார்த்தேன். காய்ந்த முள்மரக் கிளை, பையில் சுற்றி. செத்த இடம் தெரிஞ்சவன்தானே கிளை எடுப்பான்? இவன்தானா — பாவி, இவன்தானா?

மார்ச் 16
நேராகவே கேட்டுவிட்டேன், கை இடுப்புத் துப்பாக்கி மேல்.

"கரும்புக்காட்டுல கிடந்துச்சுக்கா. உங்க கிளைதான் உங்க வீட்டுல இருக்கே. அப்ப இதை அங்க கொண்டாந்து போட்டது யாரு? எவனோ தன் இடத்துலேர்ந்து அண்ணன் ஆவியைக் கிளப்பிக் கொண்டாந்து இங்க விட்டிருக்கான். அவர் செத்தது அங்க இல்லக்கா."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"உங்களை நம்பாதேன்னு கேப்டன் சொன்னாரு."

எனக்கும் அவர்தானே சொன்னார். துப்பாக்கி மேலிருந்து கையை எடுத்தேன். மாற்றல் கேட்டது இந்த ஊரில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் அம்மாவுக்காகவாம்.

மார்ச் 21
கேப்டன் வீட்டு வேலைக்காரம்மா வாய் திறந்துவிட்டாள். டிசம்பரில் அவர் கார் ஷெட்டில் கிளையோடு நின்று, "வா, போலாம்" என்று யாரிடமோ சொல்லிவிட்டுத் தனியாகக் காரில் ஏறினாராம். அதற்கு முன்னால் வீட்டில் அவருக்குத் தூக்கமே இல்லையாம், ஷெட்டில் யாரோ நிற்கிறான் என்று பயந்தாராம். ஷெட்டில் புதுச் சிமெண்டைப் பெயர்த்தார்கள். அடியில் ரத்தக் கறை. காணாமல் போன போலீஸ் துப்பாக்கிகளைப் பெகானி தேடிக்கொண்டிருந்தான். விற்றது இந்த ஆள். என் புருஷன் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தானே படுபாவி.

மார்ச் 27
கேப்டன் சிறையில். அவன் ஷெட்டில் ஒரு கிளை, கரும்புக்காட்டில் ஒரு கிளை. இரண்டு இடத்திலும் கூப்பிட்டேன். எங்கே நின்றிருந்தாலும் வரட்டும். ம்பூசோதான் காரை ஓட்டினான். ஆறு வந்தது. தாண்டும்போது கிளையில் வரும் பெகானியிடம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அவன் இக்கரையிலேயே நின்றுவிடுவான். நான் கிளைகளை மார்போடு அணைத்துக்கொண்டேன். ம்பூசோ வேகத்தைக் குறைத்து, திரும்பிப் பார்க்காமலே சொன்னான்:

"அண்ணே, ஆத்தைத் தாண்டுறோம். அக்கா பக்கத்துலதான் இருக்காங்க."