யாதொரு பொறுப்பும் ஏற்பதற்கில்லை

ஐப்பசி 9, திங்கள். காலையிலிருந்து தூறல்.

இந்த வாரம் இந்த நோட்டில் எழுதப்போவதை எவரும் நம்பப் போவதில்லை என்று சூரிய சந்திரர் சாட்சியாக, முழு மனதோடும் நல்ல புத்தியோடும் உறுதி கூறுகிறேன். என் வீட்டம்மா கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லும் எதையும் நம்பியதில்லை. அவளுக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை.

நடந்தது: உலகத்துக் கணினி மேதைகள் எல்லாம் கூடி யோசித்து, வேறு வழியில்லாமல், ஸ்ரீவில்லிபுத்தூர் பத்திர ஆபீஸ் எதிரே பத்திரம் எழுத மேசை போட்டிருக்கும் அடியேனிடம் தூது அனுப்பிவிட்டார்கள். தூதாக வந்தது அக்கா மகள் செண்பகம் (இனி செ.). ராஜபாளையத்திலிருந்து சேத்தூர் பஸ்ஸில், நின்றுகொண்டே. நனைந்த துப்பட்டா. கையில் லேப்டாப், அது மட்டும் நனையவில்லை.

விஷயம் இதுதான். சின்னக் கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் ஒன்று. யாருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் சொந்தம். எந்தெந்த ஊரிலோ இருக்கிறவர்கள் சம்பளமில்லாமல் எழுதுகிறார்கள். அதன் பொத்தான் முதல் எச்சரிக்கை வரை அத்தனையையும் ஒற்றை ஆளாகத் தமிழாக்கியவள் செ. ஞாயிற்றுக்கிழமை புதுப் பதிப்பு வெளிவருகிறது. உரிமக் கோப்பும் தமிழில் இருந்தால்தான் தமிழைச் சேர்ப்பார்களாம். அதை யாரும் செய்ய முன்வரவில்லை.

"உரிமக் கோப்புன்னா என்னட்டி?"

"இதை யார் வேணாலும் எடுத்துக்கலாம், மாத்திக்கலாம், அடுத்தவியளுக்குக் குடுக்கலாம்னு எழுதிக் குடுக்கது மாமா."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்."

"விலை?"

"ஒண்ணும் கிடையாது."

"ஏட்டி, இது தானப் பத்திரம்லா! முதல்லயே சொல்ல வேண்டாமா?"

"அப்படியே வச்சுக்கோங்க. நான் எழுதினா வாட்ஸ்அப் மெசேஜ் மாதிரி இருக்கு. அந்தக் கெட்டித் தமிழ் உங்களுக்குத்தான் வரும்."

கெட்டித் தமிழ்! அந்த ஒரு வார்த்தைக்கு நான் என் வீட்டையே அவளுக்கு எழுதி வைத்திருப்பேன். வீடு வீட்டம்மா பேரில் இருக்கிறது. தப்பித்தது.

மதியம் கத்திரிக்காய்க் குழம்பு. உப்பு குறைவு. சொல்லவில்லை.


ஐப்பசி 10, செவ்வாய். வெயில்.

கூமாப்பட்டிக்காரர்கள் பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கு வந்தார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே பெஞ்சில், முதுகைக் காட்டிக்கொண்டு. நாளை வரச் சொல்லிவிட்டேன். அகில உலகப் பணி இருக்கும்போது அரை ஏக்கர் தென்னந்தோப்பாவது!

ஆங்கில மூலம் ஒரு பக்கம்தான். அந்த ஒரு பக்கத்துக்குள் இமயமலையை மடக்கி வைத்திருக்கிறான் எழுதியவன். நான் இதுவரை எழுதிய பத்திரங்களைத் தரையில் விரித்தால் இங்கிருந்து மலையடிவாரம் வரை பாய் போடலாம். அப்படிப்பட்டவனுக்கே மூச்சு வாங்கியது.

செ.வுக்கு அனுப்பிய சந்தேகங்கள், அவள் பதில்களோடு:

நான்கெல்லை எது? (இல்லை மாமா.)
எழுதிக்கொடுப்பவரின் தகப்பனார் பெயர்? (தெரியாது மாமா.)
சாட்சிகள் இருவர்? (வேண்டாம் மாமா.)
'புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டனுபவித்துக்கொள்ள' என்று போடலாமா? (ஐயோ மாமா.)

ஒரு விஷயத்தில் மனம் புண்பட்டது. கோப்பின் தலையிலேயே 'இது அதிகாரபூர்வமற்ற மொழிபெயர்ப்பு, ஆங்கில மூலமே செல்லும்' என்று போட வேண்டுமாம். நான் எழுதியது செல்லாது என்று நானே எழுதுவதா? இதுவரை எந்த ராஜாவும் எந்தப் புலவனையும் இப்படி அவமதித்ததில்லை. போட்டேன். அவளுக்காக.

சாயங்காலத்துக்குள் முடித்து அனுப்பியாயிற்று. கடைசிப் பத்தி எழுதும்போது கை தானாக ஓடியது. வெள்ளம் போல் வந்தது தமிழ்.


ஐப்பசி 11, புதன்.

செ. கோப்பைத் திட்டத்தில் சேர்க்க விண்ணப்பம் போட்டுவிட்டாள். மேலோட்டமாகப் பார்த்தாளாம், அருமையாக இருக்கிறதாம். என் பேரும் அதில். வானத்திலிருந்து பூமாரி பொழிந்தது. வீட்டம்மா அதைத் தூறல் என்று சொல்லிக் கொடியில் கிடந்த துணியை எடுத்தாள்.

இன்னொரு விதி இருக்கிறது. அந்த மென்பொருளை அந்த மொழியில் பயன்படுத்துகிற ஒருவர் கோப்பை வாசித்து 'சரி' சொல்ல வேண்டும். பூமண்டலத்தில் தற்சமயம் அப்படி ஒரே ஒருவர்: நம் ஊர் பஜாரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் சாகுல் பாய். செ.தான் அவர் கடைக் கணினியில் தமிழ்ப் பதிப்பைப் பரீட்சைக்குப் போட்டுக் கொடுத்தவள்.

மாலை பாயிடமிருந்து எனக்கே போன்.

"ரைட்டரே, முழுசும் வாசிச்சேன். இந்தக் கம்ப்யூட்டர்ல 'ஒப்புக்கொள்கிறேன்'னு எம்புட்டு இடத்துல அமுக்கியிருப்பேன், ஒண்ணையாவது வாசிச்சிருப்பேனா? இதை வாசிச்சேன். அதுலயும் அந்தக் கடைசி வரி இருக்கே! அதுக்கே உமக்கு ஒரு அண்டா தரலாம்."

"எந்த வரி பாய்?"

"அதான் ஓய், பழுது வந்தா சொந்தச் செலவுல தீர்த்துத் தருவோம்னு போட்டிருக்கீரே."

போனை வைத்துவிட்டு என் நகலைத் தேடி எடுத்தேன். நோட்டை மூடுகிறேன்.


ஐப்பசி 12, வியாழன். புழுக்கம்.

உள்ளதை அப்படியே பதிகிறேன். நான் எழுதியிருந்தது:

'மேற்படி மென்பொருளில் யாதொரு வில்லங்கமும் இல்லையென்றும், பின்னிட்டு ஏதேனும் பழுது காணப்பட்டால் எழுதிக்கொடுப்பவர் தம் சொந்தச் செலவிலும் முயற்சியிலும், தம் இதர சொத்துக்களின் பொறுப்பிலும் தீர்த்துக் கொடுப்பதாகவும் உறுதி கூறலாயிற்று.'

ஆங்கிலத்தில் இருந்தது: உள்ளது உள்ளபடி தருகிறோம், எதற்கும் பொறுப்பில்லை.

எல்லாப் பத்திரமும் அப்படித்தான் முடியும். கை அந்த இடத்துக்கு வந்ததும் கண்ணைக் கேட்காமலே எழுதிவிட்டது. பழகின மாடு தானாக வீடு திரும்புகிற மாதிரி.

திட்டத்தின் பரிசீலகர் பிரேசில்காரர். தமிழ் தெரியாது. இயந்திரத்தில் போட்டுப் பார்த்திருக்கிறார். மிகப் பணிவாக ஒரு குறிப்பு: 'மற்ற மொழிகளில் எல்லாம் பொறுப்பில்லை என்றிருக்க, தமிழில் மட்டும் நம்மில் யாரோ தம் சொத்து முழுவதையும் ஈடு வைத்திருப்பது போலத் தெரிகிறதே, இது சரிதானா? தெளிவாகும் வரை தமிழ் நிறுத்திவைக்கப்படுகிறது.'

ராஜபாளையம் போனேன். செ. வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுத் தெலுங்கம்மா "ராண்டி, ராண்டி" என்று வரவேற்றார். செ. வரவேற்கவில்லை. தட்டில் சோறு அப்படியே ஆறிப்போய்.

"நான் வாசிச்சிருக்கணும் மாமா. உங்க எழுத்துன்னு நம்பி விட்டுட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நம்பினேன் என்கிறாள். ஊரில் என்னை நம்புகிற ஒரே பிறவி.

"அடுத்த தடவை சேத்துக்கிட்டா போச்சு" என்றேன்.

"அடுத்தது ஒரு வருசம் கழிச்சு. அதுவரைக்கும் பாய் அரைகுறைப் பதிப்பை வச்சு மல்லுக்கட்டுவாகளா? இங்கிலீஷுக்கு மாறிருவாக. பொறவு நான் யாருக்காகச் செஞ்சேன்?"

அங்கேயே உட்கார்ந்து திருத்தினேன். அவள் ஆங்கிலத்தை ஒவ்வொரு சொல்லாக வாசிக்க, நான் எழுத. 'இம்மென்பொருள் உள்ளது உள்ளபடியே கொடுக்கப்படுகிறது. இதற்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை. இதனால் நேரும் எந்த இழப்புக்கும் எழுதியவர்கள் பொறுப்பல்லர்.' எழுதும்போது கை வலித்தது. மெய்யாகவே. இப்படி ஒரு வாக்கியத்தை என் பேனா பார்த்ததே இல்லை.

பிரேசில்காரர் உடனே சம்மதம். இனி பாய் 'சரி' சொன்னால் போதும்.


ஐப்பசி 13, வெள்ளி. மழை.

பாய் சரி சொல்ல மறுத்துவிட்டார்.


ஐப்பசி 14, சனி. மழை விட்டது.

செ. காலை முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். இருவரும் பாய் கடைக்கு. குருக்ஷேத்திரத்துக்கு இதைவிடக் குறைந்த கூட்டம்தான் போயிருக்கும் என்று எழுத ஆசை. இருந்தவர்கள்: பாய், செ., நான், இட்லிப் பானை வாங்க வந்த ஒரு அம்மாள்.

பாய் ஒரு குடத்தைத் தூக்கி மேசைமேல் வைத்தார். "ரைட்டரே, இது ஒழுகினா நான் மாத்திக் குடுப்பேன். எங்க வாப்பா காலத்துலருந்து அப்படித்தான். ஒழுகினா எனக்குப் பொறுப்பில்லைன்னு சீட்டு ஒட்டினா எவன் வாங்குவான்?"

"நீங்க விக்கிறிய பாய். இவிய சும்மா குடுக்காவ" என்றேன்.

"சும்மா குடுக்கிறவன் ஒழுகுற குடத்தைக் குடுக்கலாமா? அது இன்னும் கேவலம்லா ஓய்."

சபையில் வாயடைத்துப் போனது இதுவே முதல் தடவை. வீட்டம்மா இதைப் படிக்க நேர்ந்தால் தேதியைக் குறித்துக்கொள்வாள்.

"மேலேயே இங்கிலீஷ்தான் செல்லும்னு போட்டிருக்கே" என்றார் பாய். "பொறவென்ன? அந்த நல்ல வரி ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே."

"செல்லாத வாக்கை நம்பி ஒருத்தர் ஏமாந்துரக் கூடாதுல்ல பாய்" என்றாள் செ.

இட்லிப் பானை அம்மாள்: "எல்லாஞ் சரி, பானையை எடுத்துக் குடுப்பியளா மாட்டியளா?"

பாய் பில் போட்டார். அச்சாகி வந்த சீட்டில் 'எவர்சில்வர் இட்லிப் பா' வரைதான் இருந்தது. மிச்சம் காகிதத்துக்கு வெளியே. தமிழில் பொருளின் பேர் நீளமானால் இப்படித்தான் வெட்டிவிடுகிறதாம். பாய் சீட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினார். பொறுப்பில்லை என்பவர்களுக்கு இதுவே பதில் என்பது போல.

செ. சீட்டை வாங்கிப் பார்த்தாள். பாயின் நாற்காலியில் உட்கார்ந்து கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். பாய் டீ வாங்கி வரச் சொன்னார். நான் போனேன். உலகப் புகழ் பெற்ற மொழிபெயர்ப்பாளன், தூக்கு வாளியோடு. டீ ஆறிப்போய், இரண்டாவது தடவையும் வாங்கி வந்தேன். அந்த அம்மாள் போகவில்லை. அவளுக்கும் முடிவு தெரிய வேண்டுமாம்.

கடைசியில் பிரிண்டர் கரகரத்தது. பானையின் பேர் இரண்டு வரியாக மடிந்து முழுசாக வந்தது. அம்மாள் உரக்க வாசித்துச் சரிபார்த்தாள்.

செ. எழுந்தாள். "பாய், இதை எழுதினவிய எத்தனையோ பேர். பாதிப் பேரை நானே பாத்ததில்ல. அவிய அத்தனை பேருக்கும் சேத்து நான் எப்படி வாக்குக் குடுக்க? எனக்காக மட்டுந்தான் என்னால குடுக்க முடியும். உங்க கடையில கோளாறுன்னா போன் போடுங்க. வாரேன்."

இதுதான் தருணம் என்று பையிலிருந்து முத்திரைத் தாளை உருவினேன். "அதை அப்படியே ஒரு உடன்படிக்கையா, இரு தரப்பும் சம்மதிச்சு..."

"உள்ள வையும் ஓய்!" என்றார் பாய். "எழுத விட்டா உம்ம கை எங்க போகும்னு பாத்தாச்சு. பிள்ளை வாயால சொல்லிருச்சு, போதும்."

எழுத்தை வைத்துச் சோறு தின்கிறவன் காது கேட்க இப்படி ஒரு வார்த்தை. நியாயமாகக் கோபம் வந்திருக்க வேண்டும். செ. முகத்தைப் பார்த்தேன், வரவில்லை.

பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருத்திய கோப்பை முதல் எழுத்திலிருந்து வாய்விட்டு வாசித்தார். கடைசிப் பத்தியில் மட்டும் குரல் கசந்தது. பிறகு ஒற்றை விரலால் 'சரி' அமுக்கினார். அமுக்கிவிட்டுச் சொன்னார்: "அந்தப் பழைய வரிதான் நல்லாருந்துச்சு."


ஐப்பசி 15, ஞாயிறு. நல்ல வெயில்.

பதிப்பு வெளிவந்தது. தமிழ் உள்ளே.

அறிவிப்பு வந்த அதே நொடியில் கோயில் யானை என் வீட்டு வாசலில் மண்டியிட்டது. தேர் தானாக நகர்ந்து மூன்று வீதி சுற்றியது. நான்காவது வீதியில் யாரோ பைக்கைக் குறுக்கே நிறுத்தியிருந்ததால் நின்றுவிட்டது. பிரேசிலில் பொது விடுமுறை. கூமாப்பட்டி அண்ணனும் தம்பியும் கட்டிக்கொண்டு அழுது, தென்னந்தோப்பையே உலகத்துக்குப் பொதுவாக எழுதிவைக்கச் சொன்னார்கள். மலைமேல் பெருமாள் ஒரு படி இறங்கி வந்து கோப்பை வாசித்துவிட்டு, வில்லங்கமில்லை என்று சொல்லித் திரும்ப ஏறினார்.

நாலு மணிக்கு செ. போன் போட்டாள். "வந்துட்டு மாமா" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பிறகு, "சாப்பிட்டியளா?" என்று கேட்டாள். நாலு மணிக்கு. "ஆச்சு" என்றேன். அவளும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.

யானை பொய். தேர் பொய். அண்ணனும் தம்பியும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை. இந்த போன் மட்டும் நிஜம்.