ஊர் மணி காட்டும் கடிகாரம்

பிளசன்டன்,
26.10.1998

அன்பு மகள் ஷ்யாமளாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாருக்கும் லேசான சளி, வேற ஒரு குறையும் இல்லை. உனக்கு அதுவும் வராம மாரியாத்தா பார்த்துக்கட்டும்.

ஞாயித்துக்கிழமை ராத்திரி எட்டரைக்கு அம்மா கூப்பிடலைன்னு கோவமா இருப்பே. நடந்தது இதுதான் கண்ணு. இந்த ஊர்ல குளிர்காலம் வந்தா கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால வைக்கறாங்க. அதைச் சொல்ல ஆளுக்கொரு இங்கிலீஷ். உன் அண்ணன் திருமூர்த்தி சேஞ்ச் பண்ணணும்ங்கறான், அண்ணி செட் பண்ணணும்ங்கறா, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரம்மா டர்ன் பண்ணுங்கறாங்க, அவங்க குட்டி வெண்பா ஃபால் பேக்குன்னு கத்திக்கிட்டு சோபாவுல மல்லாக்க விழுந்து காட்டறா. செய்யறதென்னவோ முள்ளைத் திருப்பற ஒரே வேலைதான். உன் அண்ணன் அடுப்புல இருக்கறது, கார்ல இருக்கறதுன்னு ஒண்ணு விடாம திருப்பினான். உன் போனுக்காக நான் சமையல்கட்டுல நம்ம ஊர் மணிக்கு ஒண்ணு வெச்சிருக்கேனே, அதையும் சேர்த்துத் திருப்பிட்டான். அதைப் பார்த்து நான் எட்டரைன்னு கூப்பிட்டா அங்கே கோயமுத்தூர்ல ஒன்பதரை. உங்க ஹாஸ்டல் வார்டன் எடுத்து, ஒன்பதுக்கு மேல கூப்பிடக்கூடாதுன்னு தெரியாதான்னு ஒரு வாங்கு வாங்கிட்டு, உங்க பொண்ணு போன் பக்கத்துலயே உட்கார்ந்திருந்து இப்பத்தான் முகம் வாடி மேல போனான்னு சொன்னாங்க. இந்த நாட்டுலயே பிளானோவுல இருக்கிற சபரியைக் கட்டிக்கறியா இல்லையான்னு அன்னைக்குத்தானே பதில் சொல்றேன்னிருந்தே. உன் அண்ணன் என்னடான்னா, அவ ஒண்ணும் சொல்லலைன்னா சம்மதம்தான், சபரிகிட்ட சரின்னு சொல்லிடறேன்னு போனை எடுத்துட்டான். பிடுங்கி வெச்சேன். ஏன்டா, முள்ளைத் திருப்பினது நீ, தலையாட்டினது என் மகளான்னு கேட்டேன். நீ இந்த நாட்டுக்கு வந்தா எனக்குக் கொண்டாட்டம்தான், இல்லைங்கலை. ஆனா அது என் ஆசை.

நாளைக்கு ஊருக்குக் கிளம்பற பத்மநாபன் அங்கிள் கையில இதைக் கொடுத்தனுப்பறேன், கூட பாதாம் பருப்பும் இருக்கு, ரூம்ல எல்லாருக்கும் கொடுத்துத் தின்னு. ஊர்க் கடிகாரத்தைச் சரி பண்ணி என் கட்டிலோரம் வெச்சுக்கிட்டேன், இனி எவனும் தொட முடியாது. வர்ற ஞாயிறு உன் எட்டரைக்கு போன் அடிக்கும். பிடிச்சிருந்தா சரின்னு சொல்லு. பிடிக்கலைன்னா வேண்டாம்னு சொல்லு, காரணம் கேக்க மாட்டேன். உன் அண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன், முள்ளைப் பின்னால திருப்பி அவனே எனக்கு ஒரு மணி நேரம் கூடக் கொடுத்திருக்கானே.

மகராசியா இரு. ராத்திரி வெறும் பிரெட்டைத் தின்னுட்டுப் படுக்காதே.

உன் அம்மா,
ராமாத்தாள்