காலி கிரைண்டர்

ஜூன் 16, திங்கள்

இதை யார் எடுத்தாலும், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், ஒருத்தருக்கும் காட்டாதீர்கள். இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுவது அப்பாதான். நகராட்சிக் குழாயில் மோட்டார் போட்டு உறிஞ்சினால் அதைப் பறிமுதல் செய்வதும் அவர்தான். எங்கள் பாத்ரூமில், கவிழ்த்த அன்னக்கூடைக்கு அடியில் ஒரு மோட்டார் இருக்கிறது. அப்பா வால்வு திறக்கப் போனதும் அம்மா அதைப் போடுவாள். சத்தம் வெளியே தெரியாமலிருக்க காலி கிரைண்டரையும் ஓடவிடுவாள்.

எழுதிவிட்டேன்.

ஜூன் 17

அப்பா தூங்கவில்லை. பிறகு எழுதுகிறேன்.

ஜூன் 18, புதன்

எதிர்வீட்டுக் கோவிந்தம்மாள் அத்தையின் மோட்டாரை அப்பா கழற்றினார். அத்தை தெருவில் நின்று கத்தியது. "ஊரு மோட்டாரெல்லாம் புடுங்கினு போறியே, விடியக்காலையில உன் வூட்ல என்னாய்யா உறுமுது?"

"கிரைண்டருதான்க்கா" என்றார் அப்பா.

"தெனமுமா? ஒரு நாளாவது ரெண்டு இட்லி குடுத்தனுப்புறது!"

தெருவே சிரித்தது. அப்பாவும் சிரித்தார்.

ஜூன் 19

ஜெசிந்தா இன்றும் வகுப்புக்குத் தாமதம். தெருவின் கடைசி வீடு அவளுடையது. அடுத்த தெருவுக்குப் போய் குடம் தூக்கி வருகிறாள்.

"கரண்ட் போனாதான்டி எங்க வூட்டுக்குத் தண்ணி வரும். கரண்ட் போவணும்னு அம்மா ஜெபமே பண்ணுது. உங்க வூட்ல டெய்லி இட்லி! குடுத்து வெச்சவடி நீ."

எங்கள் வீட்டில் காலையில் பழைய சோறு.

ஜூன் 20, வெள்ளி

"திங்கக்கிழமை விழுப்புரத்துலேர்ந்து ஆபீசர் வர்றாரு. ஸ்டாஃப் வூட்டையும் பாப்பாங்க. மாட்டினா வேலை காலி" என்றார் அப்பா.

"அதான் கிரைண்டர் இருக்குதே" என்றாள் அம்மா.

யார்கிட்ட சொல்றது? சொன்னா அப்பா வேலை போயிடும். சொல்லலன்னா ஜெசிந்தா குடம் தூக்கினே இருப்பா. நான் என்னா பண்ணட்டும்?

ஜூன் 21, சனி

விடியற்காலையில் அப்பா கிளம்பியதும் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டேன். தண்ணீர் நின்றபிறகுதான் திரும்பச் சொருகினேன். கரண்ட் போய்விட்டது என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள்.

"தெரு லைட்டு எரிஞ்சினு இருந்துச்சே?" அப்பா என்னைப் பார்த்தார்.

மாலையில் ஜெசிந்தா வந்தாள். வாசலில் அப்பா சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தார்.

"குடத்த எடுத்துக்கினு உங்க வூடு வரைக்கும் வந்துட்டேன்டி. அம்மா கூப்டுச்சு, நம்ம குழாய்லயே கொட்டுதுன்னு. எல்லா வூட்லயும் லைட்டு எரியுது, உங்க வூடு மட்டும் இருட்டு. கிரைண்டர் சத்தமும்..."

நிறுத்திவிட்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்: "நாளைக்கு இட்லியா?"

அப்பாவின் கை துடைப்பதை நிறுத்தியது.

இப்போது ராத்திரி. பாத்ரூமில் ஸ்பேனர் சத்தம். அன்னக்கூடையை நகர்த்துகிறார்.

"வேணாங்க, தண்ணிக்கு என்னா பண்றது?" அம்மா அழுகிறாள்.

"தெருவுக்கு வர்றது நமக்கும் வரும். இனிமே மாவு இருந்தாதான் கிரைண்டர் ஓடணும்."

சத்தம் நின்றுவிட்டது. இந்தப் பக்கம்தான் வருகிறார்.

"புனிதா, முழிச்சினுதான இருக்கிற? கடைசி நட்டு தெரியல, டார்ச்சு புடிக்க வா."

கதவைத் தட்டுகி