இடக்கை ரீலும் நான் வரைந்த வரைபடமும்

அனுப்புநர்
ஓய்வு பெற்ற கணித ஆசிரியை,
(தூண்டில் ரீல் பட்டறையை நிறுவியவரின் மூத்த மகள்),
பட்டறை மாடி வீடு.

பெறுநர்
பதிவு அதிகாரி அவர்கள்,
தொழிற்கூடப் பதிவு அலுவலகம்.

பொருள்: எங்கள் பட்டறைச் சரக்கறையின் முத்திரையை நீக்கவும், கோப்பிலுள்ள தவறான வரைபடத்தை அதை வரைந்தவளே திருத்த அனுமதிக்கவும் கோருதல் – தொடர்பாக.

இணைப்பு: ரீல் இரண்டு (சிவப்புச் சீட்டு ஒன்று, நீலச் சீட்டு ஒன்று).

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் பட்டறையில் செய்து முடித்த அறுநூற்று நாற்பது தூண்டில் ரீல்கள் பதினேழு நாட்களாகச் சரக்கறையில் அடைபட்டுக் கிடக்கின்றன. கதவில் தங்கள் ஆய்வாளர் வைத்த அரக்கு முத்திரை இருக்கிறது. பதிவான வரைபடத்தில் கைப்பிடி வலப்பக்கம் இருக்கிறது, நாங்கள் செய்யும் ரீலில் இடப்பக்கம் இருக்கிறது என்பதே காரணம். இம்மாதம் முப்பதாம் தேதிக்குள் வரைபடத்தின்படி செய்யத் தொடங்காவிட்டால் பட்டறையின் பதிவு ரத்தாகும் என்றும் அறிவிப்பு வந்துள்ளது. ஆய்வாளர் கண்டது உண்மை. அதில் எனக்குப் புகார் இல்லை. அதற்கு அவர் சொன்ன பரிகாரத்தில்தான் புகார். அதை விளக்கக் கொஞ்சம் பழைய கதை வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

2. என் தந்தை லேத் வேலைக்காரர். தண்ணீர்ப் பம்புகளுக்கு உதிரி பாகம் கடைந்து வந்தார். மீன் பிடிக்கத் தெரியாதவர். முள்ளுக்குப் பயந்து மீன் சாப்பிடவும் மாட்டார். நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு படகுக்காரர் பல்சக்கரம் உடைந்த ரீல் ஒன்றைக் கொண்டுவந்தார். தந்தை புதுச் சக்கரம் செய்து போட்டார். அடுத்த மாதம் அதே ரீல் வேறிடத்தில் உடைந்து வந்தது. மூன்றாம் முறை வந்தபோது, இதைப் பழுது பார்ப்பதைவிட முழுசாக ஒன்று செய்வதே சுலபம் என்றார். அப்படியானால் கைப்பிடியை இடப்பக்கம் வைக்க முடியுமா என்று படகுக்காரர் கேட்டார். காரணம் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலில்தான் எங்கள் தொழில் இன்றுவரை நிற்கிறது.

"மீனோட மல்லுக்கட்டுறது கோலைப் பிடிச்ச கைதான். சுத்துறது பெரிய வேலையா? அதை எந்தக் கையும் செய்யும். வலது கையைக் கோலுக்கு விடுங்க."

3. கைப்பிடி இடப்பக்கம் போனால் அதை இறுக்கிப் பிடிக்கும் திருகின் மரையும் மாற வேண்டும். இது தந்தைக்கு முதலில் தோன்றவில்லை. வழக்கமான மரை போட்டுக் கொடுத்தார். இடக்கைப்பிடியைச் சுற்றச் சுற்ற அந்த மரை தளரும். படகுக்காரர் ஒரு வாரத்தில் கைப்பிடியை மட்டும் எடுத்து வந்து மேசைமேல் வைத்து, "மீன் தப்பிச்சிருச்சு, இதுதான் மாட்டுச்சு" என்றாராம். அதன்பின் தந்தை எதிர்த்திசையில் இறுகும் இடமரை வெட்டினார். கைப்பிடி கழன்றதாக அதற்குப் பிறகு ஒரு ரீல்கூடத் திரும்பி வரவில்லை.

துறைமுகத்தில் எங்கள் பொருளுக்கு 'இடக்கை ரீல்' என்று பெயர். பள்ளியில் எனக்கு 'ரீல் டீச்சர்' என்று பெயர். அதற்குக் காரணம் குடும்பத் தொழில் மட்டுமே என்று நம்புகிறேன். தந்தைக்குப் பின் தம்பியும் அவன் மனைவியும் பட்டறையை நடத்துகிறார்கள். பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். தம்பி மனைவி ஒவ்வொரு ரீலையும் இருநூறு சுற்று சுற்றிப் பார்க்காமல் பெட்டியில் வைக்க மாட்டார்.

4. இனி என் தவறு. பதிவுக்கு வரைபடம் கேட்டபோது எனக்கு வயது பத்தொன்பது. ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். தந்தையின் கை இரும்பில் ஓடும், காகிதத்தில் ஓடாது. அவர் பென்சிலில் போட்டிருந்த படத்தை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, அதன்மேல் மெல்லிய நகல் தாளை வைத்து மை போட்டேன். கடைசிக் கோட்டில் மை இழுகிவிட்டது. வேறு தாள் இல்லை. தாளைப் புரட்டி, பின்பக்கம் தெரிந்த கோடுகளின் மேலேயே புதிதாக வரைந்து, பழைய மையைப் பிளேடால் சுரண்டி எடுத்தேன். எழுத்துகளை அதற்குப் பிறகுதான் எழுதினேன். அதனால் எழுத்து நேராக இருக்கிறது. படம் மட்டும் இட வலமாக மாறிவிட்டது. சட்டையை உட்புறம் வெளியே வரும்படி மாட்டிக்கொண்டால் பை எந்தப் பக்கம் போகுமோ, கைப்பிடியும் அப்படிப் போயிற்று.

தந்தையிடம் காட்டினேன். "நீ போட்டா சரியாத்தான் இருக்கும்மா" என்று சொல்லி, பார்க்காமலே கையெழுத்திட்டார். பிறகு முப்பத்து நான்கு ஆண்டுகள், படத்தை இட வலம் மாற்றிப் போட்ட பிள்ளைகளுக்கு அரை மதிப்பெண்கூடக் கொடுக்காமல் பாடம் நடத்தியிருக்கிறேன்.

5. ஆய்வாளர் கடிதத்தில் சொன்ன பரிகாரம் இது: இதுவரை விற்ற ரீல்கள் எல்லாம் பிழையான தயாரிப்பு என்றும், இனி வரைபடத்தில் உள்ளபடியே செய்வோம் என்றும் எழுதிக் கொடுத்தால், மறுநாளே முத்திரை நீங்கும். தம்பி தாளும் பேனாவும் எடுத்துவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன்; பதினோரு பேரும் வாசலில் நின்றிருந்தார்கள். அவன் மனைவி தாளைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னார்:

"நம்ம ரீலை நம்பிக் கடலுக்குப் போனவங்க அத்தனை பேரையும் ஏமாத்திட்டோம்னு எழுதிக் குடுக்கச் சொல்றாங்க. நான் மாட்டேன். போடுறதா இருந்தா உங்க பேரை மட்டும் போடுங்க."

தம்பி பேனாவை மூடினான். அடுத்த மூன்று நாள் இருவரும் என் வழியாகவே பேசிக்கொண்டார்கள். நான்காம் நாள் தங்கள் அலுவலகத்துக்கு வந்து கோப்பைப் பார்த்தேன். முதல் பார்வையிலேயே புரிந்துவிட்டது. வீட்டில் சொன்னபோது தம்பி சிரித்துவிட்டான். அவன் மனைவி சிரிக்கவில்லை. "அப்போ திருத்த வேண்டியது நீங்கதான், அண்ணி" என்றார். இந்த மனு அதன்பின் எழுதப்படுகிறது.

6. என் வார்த்தையை மட்டும் நம்பச் சொல்லவில்லை. கோப்பிலேயே சாட்சி இருக்கிறது. படத்தில் கைப்பிடி வலப்பக்கம். அதன் அருகில் என் கையெழுத்தில் 'இடமரை' என்ற குறிப்பு. இந்த இரண்டும் ஒரே ரீலில் சேர முடியாது. சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்குச் சிவப்புச் சீட்டு கட்டிய ரீலை இணைத்திருக்கிறேன். வரைபடத்தில் உள்ளபடி, குறிப்பில் உள்ளபடி, ஒரு மயிரிழையும் பிசகாமல் தம்பி செய்தது. ஐந்து முறை சுற்றிப் பார்த்தோம். அதிகம் தாங்கியது இருபத்தேழு சுற்று. நீலச் சீட்டு ரீல் நாங்கள் வழக்கமாகச் செய்வது. தம்பியின் மேசையில் இருந்ததால் முத்திரைக்குத் தப்பியது. தாங்களே இரண்டையும் சுற்றிப் பார்க்க வேண்டுகிறேன். சிவப்பைச் சுற்றும்போது கைப்பிடி கழன்று விழும். காலைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்வது நல்லது.

7. பதிவான வரைபடத்தைச் சமர்ப்பித்தவரோ வரைந்தவரோ மட்டுமே திருத்தலாம் என்று தங்கள் எழுத்தர் விதியைக் காட்டினார். சமர்ப்பித்த என் தந்தை இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன, ஆகவே வழியில்லை என்றார். தாளின் கீழ் மூலையில் 'வரைந்தவர்' என்ற இடத்தில் இருப்பது என் கையெழுத்து. நான் நலமாக இருக்கிறேன்.

8. ஆகவே, வரைபடத்தைத் தங்கள் முன்னிலையில் திருத்த எனக்கு அனுமதி தர வேண்டும். சரக்கறை முத்திரையை நீக்க வேண்டும். 'பிழையான தயாரிப்பு' என்று எழுதித் தரும்படி கேட்ட கடிதத்தைத் திரும்பப் பெற வேண்டும். தவறான வரைபடம் கொடுத்ததற்கு அபராதமோ கண்டிப்போ இருந்தால் அது என் பெயரில் மட்டும் வரட்டும். தம்பியின் பெயரும் தந்தையின் பெயரும் அதில் வேண்டாம்.

வரும் வியாழக்கிழமை அலுவலகம் திறக்கும் நேரத்துக்கு அளவுகோலும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வருகிறேன். அன்று தங்களுக்கு நேரமில்லை என்றால் வெள்ளிக்கிழமையும் வருவேன். அதற்குப் பிறகும் வருவேன். தேர்வு அறையில் மூன்று மணி நேரம் நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்து பழகியவள். தங்கள் வராந்தா பெஞ்சில் காற்றும் நன்றாகவே வருகிறது.

இதிலுள்ளவை அனைத்தும் உண்மை என உறுதி கூறும்,

(ஒப்பம்)
ஓய்வு பெற்ற கணித ஆசிரியை,
மேற்படி வரைபடத்தை வரைந்தவர்.

இடம்: பட்டறை முன்னறை
நாள்: இம்மாதம் 12, திங்கட்கிழமை