தீவுக்காரிக்குச் சொன்ன சொல்

இன்று காலை சேப்பங்கிழங்கு வேகவைத்தேன். மூடியைத் திறந்ததும் அந்த மண்வாசனை அடுக்களை முழுக்கப் பரவியது. உடனே உங்கள் ஞாபகம். நீங்கள் மட்டும் வந்திருந்தால் பரவாயில்லை, கூடவே அவளும் வந்துவிட்டாள்.

இந்தக் கிழங்கை நீங்கள் "குகாவ்" என்பீர்கள். மைசூர்ச் சந்தையில் கன்னடத்தில் கெசவின கெட்டெ என்று கூவி விற்கிறவளிடமும் அப்படித்தான் கேட்பீர்கள். "ஏனு ஸ்வாமி?" என்று அவள் முழிப்பாள். நான் உங்கள் முழங்கையைக் கிள்ளுவேன்.

கல்யாணத்துக்கு முன்பு கப்பலில் தச்சராக இருந்தீர்கள். காய்ச்சலில் விழுந்த உங்களைப் பலாவு என்ற தீவில் இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பல் வரும்வரை ஒரு விதவை தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். முழங்கால் சேற்றில் இறங்கிக் கிழங்கு பிடுங்கி வந்து அவித்துக் கொடுத்தாள். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். தண்ணீருக்கு ரல்ம், நன்றிக்குச் சூலாங், யாரைக் கண்டாலும் அலீ. அத்தனையும் அவள் வாயிலிருந்து உங்கள் வாய்க்கு வந்த சொற்கள். எனக்குப் பொறுக்குமா?

"அவ பார்க்க எப்படி இருப்பா?"

"நல்லா சிரிப்பா."

"வயசு?"

"ஏன், பொண்ணு கேட்டுப் போகப் போறியா?"

நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கு வயிறு எரியும். காப்பி கொடுத்தால் சூலாங் என்பீர்கள். "தமிழ்ல சொன்னா வாய் வலிக்குதா?" என்று டம்ளரை நங்கென்று வைத்துவிட்டுப் போவேன்.

எல்லாவற்றையும் பொறுத்தாலும் ஒன்றை மட்டும் நான் விடவில்லை. பட்டறைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று "மெஇகுங்" என்பீர்கள். போகிறவர் இருப்பவரிடம் சொல்வதாம். நீ இரு, நான் கிளம்புகிறேன் என்பதுபோல. எங்கள் வீட்டிலோ யாராவது வாய்தவறிப் போகிறேன் என்றால் அம்மா திரும்ப உள்ளே அழைத்து, உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, சரியாகச் சொல்லவைத்துத்தான் அனுப்புவாள். நானும் அதையேதான் செய்தேன்.

"உள்ள வாங்க. உக்காருங்க. தண்ணி குடிங்க. இப்பச் சொல்லுங்க."

"போயிட்டு வரேன், தாயே!"

அதன் பிறகுதான் வழிவிடுவேன்.

மார்ச்சளி முற்றி உங்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன மத்தியானமும் அப்படித்தான். நம் சின்ன மகளுக்கு அம்மை போட்டிருந்ததால் நான் வீட்டில் நின்றேன். உங்கள் தம்பி துணைக்கு வந்தார். ஜட்காவில் ஏறி உட்கார்ந்து என்னைப் பார்த்தீர்கள். உதடு அசைந்தது. அந்தச் சொல்தான் வரப்போகிறது என்று தெரிந்து நான் முறைத்தேன். சட்டென்று "போயிட்டு வரேன்" என்றீர்கள். அவளை ஜெயித்துவிட்ட நினைப்பில் நானும் தலையாட்டினேன்.

நீங்கள் வரவில்லை.

அவளிடம் மெஇகுங் சொல்லிவிட்டுத்தானே கப்பல் ஏறினீர்கள்? சொன்னபடியே அவள் இருந்தாள், நீங்கள் போனீர்கள். அவள் யாருக்காகவும் வழி பார்த்திருக்க மாட்டாள். என்னிடம் வருவதாகச் சொன்னீர்கள். அதனால் தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் இன்னமும் எழுந்து வாசலுக்குப் போகிறேன். அவளுக்கு உண்மை, எனக்கு மட்டும் சமாதானமா? முறைத்து வாங்கிக்கொண்டவள் நான்தான், தெரியும். தெரிந்தும் எரிகிறது.

ஞாயிறுதோறும் மாதா கோயிலில் பூசை முடிந்ததும் கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறேன். இப்போது இருப்பவர் நீங்கள், போகிறவள் நான். உங்கள் தீவு வழக்கப்படி மெஇகுங் என்று நான்தான் சொல்ல வேண்டும். அந்தச் சொல் உங்கள் குரலோடு அப்படியே என்னிடம் இருக்கிறது. ஆனாலும் சொல்ல மாட்டேன்.

"போயிட்டு வரேங்க" என்கிறேன். அடுத்த ஞாயிறு வந்தும் விடுகிறேன். அது அவளால் முடியாதல்லவா?