கைநாட்டு வாங்கிய காகிதம்

திருச்சி,
12.8.1961

லால்குடியில் இருக்கும் ராக்கம்மாள் அவர்களுக்கு, பிரசவ வார்டு சிஸ்டர் ரோசரி வணக்கத்துடன் எழுதுவது.

"அவர்கள்" என்றதும் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ஒன்பது வருடம் "ஏய் ஆயா" என்றுதானே கூப்பிட்டேன். களையெடுப்புக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன். முதுகுவலி தேவலையா? இங்கே நீங்கள் போனபின் ஒரு துணிகூட வைத்த இடத்தில் இருப்பதில்லை.

அந்த மதியம் என்னை விடமாட்டேன் என்கிறது. உறையூர் கமலவல்லி பிள்ளை பெற்று ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. "அந்தப் பொண்ணு சும்மா சும்மா கொட்டாவி விடுதுங்க, தண்ணி தண்ணிங்குது. துணிய விலக்கிப் பாருங்க சிஸ்டர்" என்றீர்கள். நாடி சரியாக இருந்தது, சார்ட்டிலும் எழுதியாயிற்று. படித்த திமிர், வேறென்ன! வார்டே கேட்கும்படி, தரையைத் துடைக்கிற வேலையை மட்டும் பார் என்று கத்தினேன்.

அரை மணி கழித்து நாடி எகிறியபோதுதான் துணியை விலக்கினேன். மெத்தை வரைக்கும் ரத்தம். டாக்டரம்மா வந்ததால் அவள் பிழைத்தாள். ஏன் முன்னாடியே பார்க்கவில்லை என்று கேட்டார். ஆயா சொல்லவில்லை என்றேன். அதையே எழுதி உங்களிடம் நீட்டினேன். என்ன எழுதியிருக்கிறது என்றுகூடக் கேட்காமல், என்னை நம்பிக் கைநாட்டு வைத்தீர்கள். மறுவாரம் உங்களை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

முந்தாநாள் இன்னொரு பெண் கொட்டாவி விட்டாள். நாடி சரிதான். ஆனாலும் உடனே துணியை விலக்கினேன். நல்லவேளை, ரத்தம் அப்போதுதான் கூடத் தொடங்கியிருந்தது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று சின்ன நர்ஸ்கள் வியந்தார்கள். அனுபவம் என்றேன். யாருடைய அனுபவம் என்று சொல்ல வாய் வரவில்லை. வெட்கக்கேடு.

இன்று காலை டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். என் வேலை போனாலும் போகட்டும். வரும் வியாழக்கிழமை உங்களை மறுபடி வேலைக்கு வரச் சொல்கிறார். என் முகத்துக்காக வேண்டாம், அந்தக் கட்டில்களில் படுத்திருக்கும் பெண்களுக்காக வாருங்கள். சமயபுரத்தாள் உங்களுக்குத் துணையிருப்பாள்.

இதை யாரிடமாவது கொடுத்துத்தான் படிக்கச் சொல்வீர்கள். அந்தக் காகிதத்தை நான் உங்களுக்குப் படித்துக் காட்டவில்லை. இதைப் படிப்பவர் ஒரு வரி விடாமல், தெருவே கேட்கும்படி படிக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் முன் தலைகுனியும்
ரோசரி