பர்திமேயு மூன்று நாள் சாப்பிடவில்லை

ஊருக்கெல்லாம் பாசத்தை வாரிக் கொடுத்துவிட்டு, எனக்கு மட்டும் அளந்து கொடுத்த என் எஸ்தர் அக்காவுக்கு,

அங்கே சௌக்கியமா? இங்கே உன் பூனைகள் சௌக்கியம். அதைத்தானே முதலில் கேட்பாய்? ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட, நான் உள்ளே வந்ததும் நீ "சாப்பிட்டியா" என்று கேட்கவில்லை. "அதுங்க சாப்பிட்டுச்சா" என்றுதான் கேட்டாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சேதி இதுதான். அனகாபுத்தூரில் அப்பா நம் இரண்டு பேருக்கும் விட்டுப்போன மனையில் பூனைகளுக்குக் காப்பகம் கட்டியாகிவிட்டது. போன மாதம் இரும்புலியூர் வீட்டிலிருந்து பதினாலு பூனைகளையும் கூண்டுகளில் ஏற்றிக் கொண்டுபோனோம். ஆற்றுத் தண்ணீர் வந்தாலும் உள்ளே ஏறாதபடி தரையை இடுப்பளவுக்கு உயர்த்தியிருக்கிறேன். வெயில் விழ ஒரு பக்கம் முழுக்கக் கம்பி வலை. ஏறிப் படுக்கச் சுவர் நெடுகப் பலகை. நோயாளிப் பூனைக்குத் தனி அறைகூட உண்டு. பார்த்தால் அசந்துபோவாய்.

அக்கா மேல் எவ்வளவு பாசம் பாரு என்று சபையில் பேசிக்கொள்கிறார்கள். நீ நம்பாதே. நான் பொறாமையில் கட்டினேன்.

எல்லாம் உன் தனம் மேல்தான். காலையில் மீன் கூடையோடு நம் தெருவுக்கு வந்து, வியாபாரம் முடிந்ததும் மீன் தலையும் கழிவுமாகப் பூனைகளுக்குக் கொட்டுவாளே, அவள். ஆறு வருஷம் நீங்கள் இரண்டு பேரும் பின்வாசல் படியில் உட்கார்ந்து அப்படி என்னதான் பேசினீர்கள்? நான் காபியோடு வந்தால் பேச்சு நின்றுவிடும். "ஒண்ணுமில்லடி, பூனை விஷயம்" என்பாய். பூனை விஷயம் எனக்குப் புரியாதா?

உன்னை அடக்கம் செய்த எட்டாம் நாள் அவள் ஒரு மடித்த தாளோடு வந்தாள். உன் பள்ளிக்கூடத்துப் பழைய வினாத்தாளின் பின்பக்கம். கதவு எங்கே, பலகை எங்கே, தண்ணீர்த் தொட்டி எங்கே என்று உன் கையெழுத்தில் முழுக் காப்பகமும் அதில் இருந்தது. "அக்கா என்னாண்ட குடுத்து வச்சிதும்மா" என்றாள். இருபது வருஷம் உன்னோடு ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் இருந்தவள் நான். அந்தத் தாளை அன்றுதான் பார்க்கிறேன். ஏன் அக்கா என்னிடம் சொல்லவில்லை? வேண்டாம் என்று சொல்வேன் என்றா? சொல்லியிருப்பேன்தான். ஆனாலும் கேட்டிருக்கலாம்.

சரி, கட்டித்தானே ஆக வேண்டும், நானே கட்டுகிறேன் என்று வீம்பாக இறங்கினேன். கொத்தனாரிடம் நானே பேசினேன். தனம் தினமும் கூடையோடு வந்து எட்டிப் பார்ப்பாள். அவள் எதைச் சொன்னாலும் எனக்கு அதற்கு நேரெதிராகச் செய்யத் தோன்றும். பூனைகளை மாற்றுவதற்கு முந்தின நாள் அவள் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள்.

"அதுங்க படுத்துகினு இருந்த சாக்கு, துணி எதையும் தோய்க்காதம்மா. அப்டியே எடுத்துகினு போ. அதுங்களுக்கு வாசனதான் வூடு."

இவள் யார் எனக்குச் சொல்ல என்றுதான் முதலில் தோன்றியது. அன்று மத்தியானமே அத்தனை சாக்கையும் துணியையும் வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு, ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகத் துவைத்து மொட்டை மாடியில் காயப்போட்டேன். மீன் நாற்றமும் மூத்திர நாற்றமும் போய்ப் பளிச்சென்று இருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

புதுக் கட்டடத்தில் திறந்துவிட்டதும் எல்லாம் உச்சிப் பலகையில் ஏறி ஒண்டிக்கொண்டன. மறுநாள் பசி தாங்காமல் ஒவ்வொன்றாக இறங்கிவந்தன. பர்திமேயு மட்டும் பலகையில் ஏறவும் இல்லை, சாப்பிட வரவும் இல்லை. தாம்பரம் ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டில் கண் இரண்டும் புழுத்துக் கிடந்ததைத் தூக்கிவந்து, வேதத்தில் வரும் குருடனின் பெயரை வைத்தாயே, அதேதான். நம் வீட்டில் அது யார் மேலும் மோதாமல் நடக்கும். இங்கே மூலையில் சுவரைப் பார்த்துக் குந்தியது, குந்தியதுதான்.

தனம் இரண்டு நாள் வியாபாரத்துக்கே போகவில்லை. கிழங்கான் மீனை அவித்து, முள் எடுத்து, விரலில் தடவி அதன் வாயருகே கொண்டுபோனாள். முகத்தைத் திருப்பிக்கொண்டது. துவைத்த துணிகளைத் தொட்டுப் பார்த்தவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அப்புறம் மெதுவாக, "அக்கா கட்ன துணி எதுனா தோய்க்காம வச்சிகினு கீறியாம்மா?" என்றாள்.

இல்லை என்றேன்.

பொய், அக்கா. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் நீ போட்டிருந்த நீலப் பூப்போட்ட நைட்டி என் பீரோவில் பிளாஸ்டிக் பையில் கட்டி இருந்தது. வீடு முழுக்கக் கழுவித் துடைக்கும் நான் அதை மட்டும் துவைக்கவில்லை. காலையில் ஜெபம் முடிந்ததும் பையைக் கொஞ்சமாகப் பிரித்து, மோந்துவிட்டு, உடனே கட்டிவிடுவேன். உன் தைலமும் வியர்வையும். உன் மடியைப் பூனைகளுக்குக் கொடுத்தாய், பேச்சைத் தனத்துக்குக் கொடுத்தாய். அது ஒன்றாவது எனக்கே எனக்கு என்று இருந்தேன். அதையும் ஒரு பூனைக்குப் போட வேண்டுமா?

மூன்றாம் நாள் காலை டாக்டர் வந்து பார்த்தார். இன்னும் ஒரு நாள் பட்டினி கிடந்தால் ஈரல் கெட்டுவிடும், அப்புறம் பிழைப்பது கஷ்டம் என்றார். ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடினேன். பையைப் பிரித்தேன். பாதியை வெட்டிக்கொடுத்தால் போதாதா என்று கத்தரிக்கோலைக்கூட எடுத்தேன். வெட்டக் கை வரவில்லை. முழுசாகவே எடுத்துக்கொண்டு போனேன்.

பையைப் பார்த்ததுமே தனத்துக்குப் புரிந்துவிட்டது. எழுந்து, சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உன்னுடையது என்று அவளிடம் ஒரு கைக்குட்டைகூடக் கிடையாது. இருந்த தாளையும் என்னிடம் கொடுத்துவிட்டாள்.

"முதல்ல நீ மோந்து பாரு தனம்" என்று நீட்டினேன்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேணாம்மா. எம்மேல மீன் கவிச்சி. ஒட்டிக்கும்."

நானே அவள் முகத்தருகே கொண்டுபோய்ப் பிடித்தேன். ஒரே ஒரு மூச்சு இழுத்தாள். சட்டென்று என் கையைத் தள்ளிவிட்டாள்.

"தீந்துடப் போவுதும்மா. அதுக்குக் குடு."

பர்திமேயுவின் முன்னால் நைட்டியை விரித்தேன். முதலில் காது அசைந்தது. மூக்கை நீட்டி, ஓரம் ஓரமாக மோந்துகொண்டே வந்து, நடுவில் ஏறி முன்னங்கால்களால் பிசைய ஆரம்பித்தது. நீ மடியில் போட்டுக்கொண்டால் பிசையுமே, அதே மாதிரி. அரை மணி நேரம் கழித்து தனத்தின் விரலிலிருந்து மீனை நக்கித் தின்றது. அவள் அழுதாள். நானும் அழுதேன். ஆனால் அந்த நேரத்திலும், பூனை என் விரலுக்கு வரவில்லையே என்று ஒரு எரிச்சல். பொய் சொல்வானேன்?

இப்போது அது சுவர் ஏறுகிறது. பலகைகள் எல்லாம் அத்துப்படி. நைட்டியில் உன் வாசனை கொஞ்சமும் இல்லை. நேற்றுகூட, தனம் பார்க்காத நேரமாக மோந்து பார்த்தேன். பூனையும் மீனும்தான் மணந்தது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்தத் துணி நைந்து நூலாகப் போகும்வரை அதில் தண்ணீர் பட விடமாட்டேன். தனத்திடம் காப்பகத்துச் சாவி ஒன்று கொடுத்துவிட்டேன், திரும்ப வாங்கமாட்டேன். தினமும் வேலை முடிந்ததும் இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்து உன்னைப் பற்றித்தான் பேசுகிறோம். எனக்குத் தெரியாத உன்னை அவள் சொல்கிறாள். வயிறு எரியத்தான் செய்கிறது. எரிந்தாலும் கேட்டுக்கொண்டே இருப்பேன், அக்கா.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்த ஒரே தங்கை
சுகந்தி